இன்னும் நாலு அசைவு

சவ வண்டி டான்சி தெருவுக்குள் திரும்பியதுமே பழைய புகையிலைக் கிடங்கின் வாசலிலிருந்து ஐரிஸ் ஓடி வந்தாள். எழுபது வயதில், காலில் வெறும் காலுறையோடு, நனைந்த ரோட்டின் நடுவே நின்று இரண்டு கைகளையும் விரித்தாள். டிரைவர் பிரேக்கை மிதித்தார். பின்னால் கண்ணாடிக்குள் இருந்த பெட்டியின் மேல் பூ வளையம் ஓரங்குலம் முன்னே நகர்ந்தது. பெட்டிக்குள் டென்சில் வேரிங் இருந்தார்.

"இன்ஜினை ஆஃப் பண்ணுங்க," என்றாள் ஐரிஸ். கத்தவில்லை. ரகசியம் சொல்வது போலச் சொன்னாள், ஆனால் அதட்டல் அதில் இருந்தது.

டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பர்னெலைப் பார்த்தார். பர்னெல்தான் இறுதிச் சடங்கு ஏற்பாட்டாளர். அவர் லோர்னாவைப் பார்த்தார். டென்சிலின் ஒரே மகளான லோர்னா ஜன்னல் வழியாக மேலே பார்த்தாள். கிடங்கு வாசலுக்கு மேலே, படப்பிடிப்பு நடக்கிறது என்று சொல்லும் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"இன்னிக்குமா?" என்றாள்.

ஏற்பாடு இதுதான்: இந்தக் கிடங்கில் இருக்கும், அப்பா முப்பத்தொரு வருஷம் வேலை செய்த பொம்மைப் பட ஸ்டூடியோ வாசலில் வண்டி ஐந்து நிமிடம் நிற்கும். எல்லோரும் வந்து தலை வணங்குவார்கள். பிறகு நேரே தகன மண்டபம். அங்கே பன்னிரண்டு மணிக்கு அவர்கள் முறை, பன்னிரண்டரைக்கு அடுத்தவர்கள். இங்கிருந்து அரைமணி தூரம். இப்போது மணி பதினொன்றே கால்.

லோர்னா இறங்கினாள். "என்ன ஆன்ட்டி இது?"

"கெதின் ஷாட்ல இருக்கான் கண்ணு. ஆறு மணிக்கே ஆரம்பிச்சுட்டான். ஒன்பதுக்கு முடிச்சுட்டு முகச்சவரம் பண்ணிக்கலாம்னு நெனச்சான், பாவம்."

"அப்புறம்?"

ஐரிஸ் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துளித்துளியாய் அசைத்துப் படமெடுக்கும் பொம்மைகளுக்குச் சட்டை தைப்பவள் அவள். விரல் நுனிகளில் எப்போதும் ஊசிக் குத்து.

"பொம்மையை ஒரு தடவை அசைச்சா, கேமராவை ரெண்டு தடவை அழுத்தணும். இருபது வருஷமா தூக்கத்துல கூட அவன் ரெண்டு தடவைதான் அழுத்துவான். இன்னிக்கு எங்க புத்தி போச்சோ, ஒரு தடவைதான் அழுத்தியிருக்கான். பத்து அசைவு தாண்டித்தான் கவனிச்சான். பாதியில மாத்தினா அந்தக் கொக்கு பொம்மை குடிச்சுட்டு தள்ளாடற மாதிரி ஆயிடும். அதனால முழுசும் ஒண்ணொண்ணாவே போயிட்டிருக்கு, ரெட்டிப்பு வேலை. உங்கப்பா எத்தனை கெஞ்சியிருப்பார், ரெண்டு ரெண்டா எடுங்கடா, நாள் ஓடுதுன்னு! அவர் போற அன்னிக்குப் பாத்து இப்படிப் பண்ணிட்டான்."

"நிறுத்திட்டு வரச் சொல்லுங்க. மிச்சத்தை மத்தியானம் எடுக்கட்டும்."

"லைட் சூட்டுல களிமண் இறங்கிடும். திரும்பி வந்தா அது வேற கொக்கு. காலையிலேருந்து செஞ்சது மொத்தமும் குப்பைக்குத்தான்."

"எவ்வளவு நேரம்?"

ஐரிஸ் தரையைப் பார்த்தாள். "இன்னும் நாலு அசைவு."

லோர்னாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வார்த்தைகளைக் கேட்டுத்தான் அவள் வளர்ந்தாள். சமையலறையில் தொலைபேசி அடிக்கும். அம்மா எடுப்பாள். "இன்னும் நாலு அசைவு, வந்துடறேன்" என்று அப்பா சொல்வார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தனியாகச் சாப்பிடுவாள். லோர்னாவின் பத்தாவது பிறந்தநாளுக்கும் அதே நாலு அசைவு. கல்யாணத்தன்று தேவாலய வாசலில் மாப்பிள்ளையும் பாதிரியாரும் காத்து நின்றபோதும் அதே. இன்று பெட்டிக்குள் படுத்தபடி மறுபடியும் அவளைக் காக்க வைக்கிறார்.

அதைவிடப் பெரிய சிக்கல் அவள் கைப்பைக்குள் இருந்தது. மண்டபத்தில் அவள்தான் பேச வேண்டும். மூன்று இரவுகள் உட்கார்ந்து எழுதிய தாளில் "எங்கள் அப்பா" என்று இரண்டே வார்த்தைகள். பிஸ்கட் விளம்பரம், தொலைக்காட்சிக்கு ஐந்து நிமிடப் படங்கள், பிறகு தியேட்டருக்கு மூன்று பெரிய படங்கள். எல்லாவற்றிலும் கடைசியில் "தயாரிப்பு: டென்சில் வேரிங்" என்று வரும். அவருக்கு வரையத் தெரியாது. பொம்மை செய்யத் தெரியாது. கதை எழுதவும் தெரியாது. செருப்புப் பெட்டியில் ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு லண்டன் ரயிலில் போவார், பணம் போடக்கூடிய, சிரிக்காத ஆட்கள் முன்னால் அதை எடுத்து நிறுத்துவார், திரும்பி வருவார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்டார்கள்: "படத்துல உங்கப்பா செஞ்சது எது?" அவள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டாள். "நானா? யாரும் தும்மாம பாத்துக்கறேன்," என்றார். அவள் அதை நம்பவில்லை. முப்பத்தொன்பது வயதிலும் அவளுக்குச் சொல்ல வேறு பதில் கிடைக்கவில்லை.

"நானே போய் அவன்கிட்ட பேசறேன்," என்றாள்.

"பேசு. ஷூவைக் கழட்டிட்டுப் போ."

கழற்றினாள். பழைய மரப் படிகள். மேல் மாடியில் கறுப்புத் திரையை விலக்கியதும் கோபத்தோடு திறந்த வாய் அப்படியே நின்றது.

இருட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் சுவரோடு சுவராக நின்றிருந்தார்கள். எல்லோரும் கறுப்பு உடை. துக்கத்துக்காக உடுத்தியது அல்ல, தினமும் அதுதான். வெள்ளைச் சட்டை போட்டால் அதன் வெளிச்சம் பொம்மை மேல் விழும். எல்லோர் காலிலும் காலுறை மட்டும். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நடுவே விளக்கொளியில் ஒரு சின்ன ரயில் நிலையம். நடைமேடையில் முழ உயரத்தில் ஒரு களிமண் கொக்கு, ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியோடு. ரயில் போய்விட்டது. கையில் கொடி. கெதின் சவரம் செய்யாத முகத்தோடு குனிந்திருந்தான். இரண்டு விரல்களால் கொக்கின் தோளைத் தொட்டான். தொட்டானே தவிர, நகர்ந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு கழுத்து. பிறகு கொடியின் நுனி, ஒரு தலைமுடி அளவு. மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தான். கேமராவின் பொத்தானை அழுத்தினான். ஒரே ஒரு கிளிக்.

அவ்வளவுதான். அதற்கு ஏழு நிமிடம் ஆயிற்று. சுவரோரம் ஒரு பெண் மெல்ல மூச்சு விட்டாள்.

லோர்னா கணக்குப் போட்டாள். காலையிலிருந்து இத்தனை பேர் சேர்ந்து செய்தது படத்தில் இரண்டு விநாடி கூட ஆகவில்லை. கண் சிமிட்டினால் போய்விடும். ஆனால் அந்தக் கொக்கு ரயிலை வழியனுப்பிவிட்டு நிற்பது அவளுக்குப் புரிந்தது. களிமண் உருண்டை ஒன்று பெருமூச்சு விடப் போகிறது என்பதை அவள் உடம்பே அறிந்துகொண்டது. அவளுக்கு அழுகை வந்தது, பயமும் வந்தது, கோவிலுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவளைப் போலக் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

சுவரில் அட்டவணைப் பலகை. அதில் ஒட்டிய தாளில் இன்றைய தேதி, ஷாட் எண், எல்லாம் அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதி அனுப்பியிருக்கிறார்.

அப்போது காலடியில் தரைப் பலகை லேசாக அதிர்ந்தது. தூரத்தில் பெரிய ரோட்டில் ஏதோ வண்டி. அத்தனை தலைகளும் ஒரே சமயம் ஜன்னல் பக்கம் திரும்பின. யாரும் நகரவில்லை. வழக்கமாக அந்தச் சமயத்தில் வண்டியை நிறுத்த ஓடுகிறவர் கீழே பெட்டிக்குள் இருந்தார்.

லோர்னா ஓசைப்படாமல் படியிறங்கினாள். வாசலுக்கு வந்ததும் ஓடினாள்.

"மேடம், இப்பவே கிளம்பினாத்தான் சரியா இருக்கும்," என்றார் பர்னெல். "இல்லேன்னா பாட்டு இல்ல, பிரார்த்தனை இல்ல, பத்து நிமிஷம்தான் மிஞ்சும்."

"பத்து நிமிஷம் போதும்!" என்று சொல்லிக்கொண்டே அவரைத் தாண்டிப் போனாள்.

தெருமுனையில் மாடி பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. கிடங்குக்கு எதிரே சாக்கடை மூடி ஒன்று ஆடிக்கொண்டே இருக்கும். வண்டி ஏறினால் டங்கென்று சத்தம் போட்டு மாடி வரை அதிரும். லோர்னா அதற்கு முன்னால் போய் நின்று கையை உயர்த்தினாள். ஈரம் காலுறை வழியாக ஏறியது. பஸ் அவள் மூக்குக்கு நேரே நின்றது.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். தடித்த ஆள், சிவந்த கன்னங்கள். "ஏம்மா, சாகணும்னு ஆசையா? தள்ளு!"

"மேல ஷாட் போகுது. தயவுசெஞ்சு இன்ஜினை அணைங்க. இருபது நிமிஷம்."

"இருபது நிமிஷமா! நல்ல கூத்து. பதினாலு வருஷமா இந்தத் தெருவுல இதே ரோதனை. அந்தக் கிழவராவது கையில டீயோட வந்து கெஞ்சுவாரு, என் பொண்டாட்டி சௌக்கியத்தை விசாரிப்பாரு. இன்னிக்கு உன்னை அனுப்பிட்டாரா? எங்க அவரு?"

லோர்னா திரும்பி, சவ வண்டியைக் காட்டினாள்.

டிரைவர் பார்த்தார். கண்ணாடிக்குள் பெட்டியைப் பார்த்தார், பூ வளையத்தைப் பார்த்தார், அவளுடைய ஈரக் காலுறையைப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ பொண்ணா?"

"ஆமா."

"அதே மாதிரிதான் கையைத் தூக்கற," என்றார். பிறகு உள்ளே திரும்பி, "யாரும் இறங்கிச் சத்தம் போடாதீங்க. கொஞ்ச நேரம்தான்," என்றார். பஸ் மாடியில் ஒரு குழந்தை ஏதோ கேட்டது. அதன் தாய் உஷ் என்றாள்.

மழை தூறியது. பர்னெல் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். பஸ்ஸுக்குப் பின்னால் பால் வண்டி வந்தது. பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார், அதுவும் அணைந்தது. தெரு முழுக்க அப்படி ஒரு அமைதி. லோர்னா ரோட்டின் நடுவே கையைத் தாழ்த்தாமல் நின்றாள். முப்பத்தொரு வருஷம் அப்பா இங்கே நின்றிருக்கிறார். அவருடைய வேலை எது என்று இனி யாராவது கேட்டால் அவளால் இந்த இடத்தைக் காட்ட முடியும். கைப்பையில் இருந்த தாள் ஞாபகம் வந்தது. அதை எடுக்கவே வேண்டியதில்லை என்று தோன்றியது.

பல்பு அணைந்தது.

கெதின்தான் முதலில் வந்தான். பின்னால் மற்றவர்கள், கறுப்பில், காலுறையோடு. ஈர ரோட்டில் அவர்கள் நடப்பது கேட்கவே இல்லை. கெதின் அவள் முன்னால் வந்து நின்றான். கையில் களிமண் இன்னும் ஒட்டியிருந்தது.

"மன்னிச்சுக்கோ லோர்னா. என் தப்பு."

"எப்படி வந்திருக்கு?"

"ஃபிலிமைக் கழுவினாத்தான் தெரியும். நாளைக்கு." அவன் கண்ணாடிக்குள் பெட்டியைப் பார்த்தான். "ஒண்ணொண்ணா எடுத்ததுக்கு உதைச்சிருப்பாரு."

"தேதி தள்ளலை இல்ல?"

"தள்ளலை."

"அப்ப உதைக்க மாட்டாரு."

ஐரிஸ் அவளுடைய ஷூவைக் கொண்டுவந்து நீட்டினாள். லோர்னா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். பர்னெல் தொப்பியும் கைத்தடியுமாக வண்டிக்கு முன்னால் போய் நின்று, இறுதி ஊர்வல வழக்கப்படி தெருமுனை வரை நடக்கத் தொடங்கினார். அவர் ஷூ மட்டும் ஒலித்தது. வண்டி மெல்ல ஊர்ந்தது. இரண்டு பக்கமும் காலுறைக் கால்கள் அதோடு நடந்தன.

வண்டியின் பின்சக்கரம் சாக்கடை மூடியில் ஏறியது. டங் என்று தெருவே அதிர்ந்தது.

கெதின், ஐரிஸ், சுவரோரம் நின்றிருந்த அத்தனை பேர், பஸ் டிரைவர், லோர்னா, எல்லோரும் திடுக்கிட்டு ஒரே சமயத்தில் வாசலுக்கு மேலே பார்த்தார்கள்.

பல்பு அணைந்துதான் இருந்தது.