உமி போட்ட தரை

மூங்கிலைப் பற்றி லூ மௌலினுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று சீனாவின் ஆன்ஜி மலைப்பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மௌலினைக் கேட்டால் இன்னும் உரக்கச் சொல்வான். ஒரு மூங்கிலை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தே அதன் வயதைச் சொல்லிவிடுவான். குளிர்காலம் வந்தால் தோப்பு வைத்திருப்பவர்கள் எல்லாம் அவனைத்தான் கூப்பிடுவார்கள். தோப்பு மண்ணின் மேல் முழங்கால் உயரத்துக்கு உமியைப் பரப்பிக் கதகதப்பாக வைத்தால், குருத்து பருவத்துக்கு முன்பே எட்டிப் பார்க்கும். எந்த மண்ணுக்கு எத்தனை மூட்டை உமி என்பதில் அவன் சொன்னால் சொன்னதுதான். அப்பேர்ப்பட்ட ஆள், அன்று தரைப்பலகைக் கடையில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றான்.

"என்ன மௌலின் அண்ணே, கோயில் சிலையைப் பாக்கற மாதிரி பாக்கறீங்க? எடுத்துத்தான் பாருங்களேன்" என்றாள் கடைக்காரி தௌ.

ஒரு பலகையைத் தூக்கினான். கை கீழே இழுத்தது. "ஏம்மா, இது மூங்கிலா இரும்பா?"

"உங்க தோப்புல நின்னதுதான். நாராக் கிழிச்சு, வேகவெச்சு, காயவெச்சு, பசை போட்டு, மேல ஒரு மலையையே தூக்கி வெச்ச மாதிரி அமுக்குவாங்க. இந்தாங்க சுத்தியல், ஓங்கி அடிங்க."

அடித்தான். சுத்தியல் துள்ளியது. பலகையில் ஒரு வடு விழவேண்டுமே, ஊகூம்! விரலால் தடவித் தடவிப் பார்த்தான். முப்பத்தைந்து வருஷம் வெட்டி லாரியில் ஏற்றிவிட்டவன், அது போய்ச் சேர்ந்த இடத்தில் என்னவாகிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெட்கமாகவும் இருந்தது.

இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது ஏன் வந்தான் என்றால், ஐஃபென். அவன் மனைவி. போன மழைக்காலத்தில் அவள் கணுக்கால் இரண்டும் சுரைக்காய் போல வீங்கிவிட்டன. வீட்டுத் தரை வெறும் சிமெண்டு. அதுவும் விரிசல் விட்டு, மலையின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக் கக்கும் சிமெண்டு. "காலைக் கீழ வெச்சா முட்டி வரைக்கும் ஏறுதுய்யா" என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "மலைன்னா ஈரம் இருக்கத்தான் செய்யும்" என்று இருபது வருஷமாக இவன் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு நாள் அவள் பையை எடுத்துக்கொண்டு டவுனில் தங்கை வீட்டு நாலாவது மாடிக்குப் போய்விட்டாள். அங்கே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலையும் தயாராக இருந்தது. வசந்தகாலத்துக் கல்லறைத் திருநாளன்று, செத்துப்போன மாமனார் மாமியாருக்குச் சாமி கும்பிட வருகிறேன், அன்று மத்தியானத்துக்குள் வேலைக்குச் சரியா இல்லையா என்று பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியாக வேண்டும் என்று செய்தி அனுப்பியிருந்தாள். சரி என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான், இந்த மனுஷன் தனிமரம்.

"இடுப்புல இருக்கற அருவாளை வெளிய வெச்சிடுங்க" என்று தௌ ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "இந்தப் பலகைகிட்ட அது அழும். பொடிப்பல் ரம்பம்தான் வேணும். அடிக்கறதுக்கு ரப்பர் சுத்தி. நேரா அடிச்சா ஓரம் பிசிறும், நடுவுல இந்தத் தட்டுக்கட்டையை வெச்சுத் தட்டுங்க. கடைசி வரிசைக்குச் சுவர் இடிக்கும், அதுக்கு இந்த வளைஞ்ச இழுப்புக்கம்பி. ரசமட்டம் இருக்கா?"

"கண்ணு இருக்கு."

"கண்ணை நம்பித்தான் பாதி ஊரு கோணலா நிக்குது, எடுத்துக்கங்க. சுவரோரமா ஒரு விரல் இடம் விடணும், அதுக்கு இந்த ஆப்பு. இடம் விடலன்னா மழைக்காலத்துல பலகை ஊறி முதுகைத் தூக்கிடும். அப்புறம், பலகைக் கட்டைப் பிரிச்சு மூணு நாள் அறையில சும்மா போட்டு வைங்க."

"என் வீட்டுக்குப் பின்னாடி பொறந்ததை என் வீட்டுக்குப் பழக்கணுமாக்கும்!"

"ஆலையில காஞ்சு வந்திருக்குண்ணே. வெளியூர் போயிட்டு வந்த பொண்டாட்டி மாதிரி. வந்த உடனே வேலை ஏவினா கோவிச்சுக்கும்."

மௌலின் அவசரமாக ரசமட்டத்தை எடுத்துக்கொண்டான்.

அடிவிரிப்பில்தான் வந்தது வினை. தௌ மூன்றைக் காட்டினாள். ஈரத்தைத் தடுக்கக் கனமான பிளாஸ்டிக் தாள், அதன் மேல் விரிக்க நுரைச்சுருள், பலகையைத் தாங்கும் சட்டங்களுக்கு நடுவில் போட மூங்கில் கரி. மௌலின் நுரையைக் கிள்ளிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"இதெல்லாம் டவுன்காரங்களுக்கு. நான் சட்டம் அடிச்சு நடுவுல உமி போட்டுக்கறேன்."

"உமியா? அது கோழிக்கூண்டுக்குப் போடறதுண்ணே!"

"தௌ, மண்ணையே சூடாக்கறவன்கிட்ட நீ நுரை விக்கறியா?"

"சரி சாமி! மூங்கிலப்பத்தி உங்களுக்குச் சொல்ல நான் யாரு" என்று கையெடுத்துக் கும்பிட்டாள் அவள். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

பலகையை மூன்று நாள் சும்மா போட்டு வைத்தான். அதை மட்டும் கேட்டான். பிறகு சட்டம் அடித்து, நடுவில் உமியைக் கொட்டி, மேலே பலகையைக் கோத்தான். தட்டுக்கட்டையை வைத்து ரப்பர் சுத்தியால் ஒரு தட்டு. ஒன்றின் நாக்கு அடுத்ததன் வாய்க்குள் 'டொப்'பென்று போய் உட்கார்ந்தது. கோடுகூடத் தெரியவில்லை. ஆறு நாளில் படுக்கையறை முழுக்கத் தேன் நிறத்தில் ஒரு தரை. செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் நடந்து பார்த்தான். உலர்ந்த தரை, அந்த வீட்டில்! அவனையறியாமல், "அடேயப்பா" என்றான். கட்டிலைத் தூக்கி வந்து பழைய இடத்திலேயே போட்டுக் கதவைச் சாத்தினான். அவள் வந்து முதல் கால் வைக்கட்டும் என்று, திருநாள் வரைக்கும் இரண்டு வாரம் அடுக்களையிலேயே படுத்துக்கொண்டான்.

கல்லறைத் திருநாள் காலை, புதுப் போர்வை விரிக்கக் கதவைத் திறந்தான்.

கட்டிலின் இடப்பக்கம், ஐஃபென் படுக்கும் பக்கம், தரை நாலு விரல் உயரத்துக்கு மேடு தட்டி நின்றது.

மௌலின் சுவரோர இடைவெளியைப் பார்த்தான். சுற்றிவர ஒரு விரல் அப்படியே இருந்தது. பலகை ஊறவில்லை. ரசமட்டத்தை வைத்தான், குமிழி ஒரு கோடிக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. சுத்தியால் அடித்தான், அமுங்கவில்லை. மேட்டின் மேல் ஏறி நின்றான். எழுபது கிலோ ஆள், இரண்டு காலையும் ஊன்றிக் குதித்தே பார்த்தான். அது அவனைச் சட்டை செய்யவே இல்லை. உள்ளங்காலுக்குக் கீழே பலகை மெல்ல 'கிரீச்' என்றது. அப்போதுதான் புரிந்தது, கீழே இருப்பது உயிருள்ளது. அவனையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டிருக்கிறது!

"யோவ் மௌலின், மேல ஏறி நின்னு என்ன கூத்தாடற?"

வாசற்படியில் ஐஃபென். கையில் படையலுக்கான பச்சை நிற மாவுருண்டைக் கூடை. ஒன்பது மணிப் பஸ் அன்றைக்கென்று நேரத்துக்கு வந்து தொலைத்திருந்தது.

"வராத! அங்கயே நில்லு!" என்று கத்தினான்.

அவள் எந்தக் காலத்தில் அவன் பேச்சைக் கேட்டாள்? கூடையை வைத்தாள். தரையைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி, வலது காலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள். பிறகு இரண்டு காலும். அறையின் அந்தக் கோடி வரைக்கும் நடந்து திரும்பி வந்தாள்.

"நீயா போட்ட?"

"நான்தான் போட்டேன். நான்தான் கெடுத்தேன். பாரு" என்று மேட்டிலிருந்து இறங்கினான்.

இருவருமாகப் பலகைகளைக் கழற்றினார்கள். இழுப்புக்கம்பியை மௌலின் பிடிக்க, ஒவ்வொரு பலகையையும் ஐஃபென் வாங்கி ஓரமாக அடுக்கினாள். நாலாவது பலகை தானே துள்ளி எழுந்தது. இரண்டு பேரும் பின்னால் சாய்ந்தார்கள்.

உமிக்கு நடுவில் நின்றது குருத்து. தொடை பருமன் இருக்கும். பழுப்பு மயிர் போர்த்த மடல்கள் ஒன்றின் மேல் ஒன்று இறுக்கி மூடியிருக்க, நுனியில் மட்டும் ஒரு மஞ்சள் நாக்கு. அந்த நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர். மேலே குறுக்காக இருந்த சட்டத்தை முழங்கையால் தள்ளுவதுபோல் ஒதுக்கிவிட்டு வந்திருந்தது. சுற்றியிருந்த உமியிலிருந்து லேசாக ஆவி எழுந்தது.

மௌலின் லட்சம் குருத்து பார்த்தவன். தோண்டியவன், சுமந்தவன், தின்றவன். ஆனால் குருத்தின் பாதையில் இவன் நின்றது இதுதான் முதல் தடவை. தானாக மண்டி போட்டுவிட்டான். சுத்தியல் வடு விழாத பலகை, எழுபது கிலோ ஆள், ஆணி அடித்த சட்டம், எல்லாவற்றையும் ஒரு பச்சைக் குழந்தை தலையால் முட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஐஃபெனும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நுனிச் சொட்டு நடுங்கி மடலில் வழிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடத்தில் இன்னொன்று ஊறி வந்தது.

"அம்மாடி" என்றாள் ஐஃபென், கோயிலில் பேசுவதுபோல. "எனக்கு முன்னாடி வந்துட்டாரே." பிறகுதான் அவள் கண் உமியில் விழுந்தது. "கீழ என்ன போட்ட?"

"உமி."

"உமியா!" அவள் சிரித்த சிரிப்பில் கோழிகள் கொல்லைக்கு ஓடின. "ஊர் உலகத்துக்கெல்லாம் உமி போட்டுக் குருத்தை எழுப்பற ஆளு, சொந்தக் கட்டிலுக்கடியில போட்டுட்டு என்ன வரும்னு நெனைச்ச? வாத்தா?"

"ஈரத்தத்தான் நெனைச்சேன். வேரை நெனைக்கல" என்றான் மௌலின் தலையைத் தொங்கப்போட்டு. கொல்லைத் தோப்பின் வேர் மண்ணுக்கடியில் வீட்டு வரைக்கும் ஓடி வரும் என்பது அவனுக்குத் தெரியாதா? இது குருத்து அதிகம் வரும் வருஷம் என்பதுதான் தெரியாதா?

ஐஃபென் குனிந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது. மற்ற இடத்திலெல்லாம் உமிக்குக் கீழே பழைய சிமெண்டு இருந்தது. இங்கே மட்டும் சிமெண்டை உளியால் உடைத்து, ஒரு முழத்துக்குப் பள்ளம் தோண்டி, வாய் நிறைய உமியைத் திணித்திருந்தான் மௌலின்.

"இது என்ன பள்ளம்?"

மௌலின் ரப்பர் சுத்தியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான்.

"சொல்லுய்யா."

"காலைல எந்திரிச்சதும் நீ காலு வெக்கற எடம் அதுதான். அங்கதான் சிமெண்டு ரொம்பக் கசிஞ்சுது. அதான் ஒரு முழம் சேத்துப் போட்டேன்." அவன் சுத்தியைக் கீழே வைத்தான். "இருபது வருஷமா சொன்ன. எனக்கு இப்பத்தான் கேட்டுச்சு."

அவள் போனை எடுத்தாள். மௌலின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மணி பதினொன்றுகூட ஆகவில்லையே, அதற்குள்ளா!

"தங்கச்சி, நான்தான். பள்ளிக்கூடத்துல வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடு... இல்லடி, சண்டையெல்லாம் இல்ல. தரை போட்டிருக்கான்டி, முழுக்கப் பிரிச்சு மறுபடி போடணும். அடிவிரிப்பு எடுக்க நான் போனாத்தான் ஆகும். இவனத் தனியா விட்டா மறுபடி உமியத்தான் கொட்டுவான்."

மௌலின் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்தான். "மண்வெட்டி எடுத்தாறேன். வேரோட தோண்டணும், இல்லன்னா கூடப்பொறந்ததுங்க வரிசையா வரும்."

"தோண்டலாம். மொதல்ல உங்கப்பா அம்மாவுக்குச் சாமி கும்பிட்டு வரலாம். இவரு எங்கயும் ஓடமாட்டாரு" என்றாள். "அடுக்களைல உப்புல ஊறின பன்னிக்கறி இருக்கா?"

"இருக்கு."

"அப்ப இவரையும் வெட்டிப் போட்டா ராத்திரிக் கொழம்பு ஆச்சு. கொஞ்சம் இரு, வர்றேன்."

பலகையின் விளிம்பில் நகர்ந்து உட்கார்ந்து, வீங்கிய கால்கள் இரண்டையும் அந்தப் பள்ளத்துக்குள் இறக்கினாள். குருத்தின் பக்கத்தில், கணுக்கால் மறைய உமிக்குள் புதைத்தாள்.

"சூடாத்தான்யா இருக்கு" என்றாள். காலை எடுக்கவே இல்லை.