மூன்று மாடி, இரண்டு பஃப்

12 மார்ச் 2025, புதன்

இன்று ஒரு படிவத்தில் தவறான கட்டத்தில் டிக் விழுந்துவிட்டது. ‘கடந்த ஆறு மணி நேரத்தில் இன்ஹேலர் எடுத்தாரா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று. எடுத்திருந்தார், என் கண் முன்னால்தான்.

ஆரோக்கியசாமி கோலார் தங்க வயலில் சுரங்க வேலை பார்த்தவர். பாறைத்தூசியால் கெட்ட நுரையீரலுக்கு எங்கள் ஆய்வில் புது மருந்து சாப்பிடுகிறார். பயிற்சி மாணவியான எனக்கு அவர்தான் முதல் நோயாளி. காலை ரயிலில் ஆஸ்பத்திரிக்கு வந்தார். லிஃப்ட் ஓடவில்லை. மூன்று மாடி ஏறியதும் பேச முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“இன்ஹேலர்ல ரெண்டு பஃப் எடுத்துக்கங்க அங்கிள்” என்றேன்.

அரை மணி கழித்து, மூச்சின் அளவைக் காட்டும் கருவியில் ஊதினார். போன மாதம் 1.1 லிட்டர், இன்று 1.4.

வழிகாட்டி நிருபமா மேடம் படிவத்தைப் பார்த்துவிட்டு, “பார்கவி, மருந்து வேலை செய்யுது போலிருக்கே!” என்றார்.

“முதல் பேஷண்ட்லயே ஜாக்பாட். பார்ட்டி எப்போ?” என்றான் சீனியர் அஷ்வத். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கான ஸ்லைடில் அந்த எண்ணைச் சேர்த்தும்விட்டான். நானும் சிரித்தேன்.

மாலை வகுப்புக்குப் போக நிறுத்தத்தில் நின்றவள் இரண்டு பஸ்ஸை விட்டேன். அந்த 1.4 மருந்தால் வந்ததா, பஃப்பால் வந்ததா? மூன்றாவது வருவதற்குள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி நடந்தேன்.

நடந்ததைச் சொன்னேன். மேடம் முழுக்கக் கேட்டார். “பஃப் எடுக்கச் சொன்னது சரி. இல்லைன்னு ஏன் டிக் பண்ணே?”

“இந்த வாரத்துப் படிவம் ஆறுலயும் முன்கூட்டியே டிக் பண்ணி வெச்சிருந்தேன் மேடம். நேரம் மிச்சமாகும்னு.”

“மிச்சம் அஞ்சையும் கிழிச்சுப் போடு. இதுல ஒரே கோடா அடிச்சு, பக்கத்துல சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடு. பழசு தெரியணும்.” பிறகு கேட்டார்: “ஆமா, அவரை ஏன் மூணு மாடி ஏத்தினே?”

கருவி மேலே இருந்தது, அதனால் அவர் மேலே வர வேண்டும். அதற்கு மேல் நான் யோசிக்கவேயில்லை.

அஷ்வத் ஸ்லைடிலிருந்து எண்ணை எடுத்தான். “பார்ட்டி போச்சு.”

இந்த மாதச் சோதனைக்கு நாளைதான் கடைசி நாள். ஆரோக்கியசாமிக்குப் போன் செய்து, தப்பு என்னுடையது, நாளை மறுபடி ஊத வர வேண்டும் என்று சொன்னேன்.

“மறுபடியும் மாடியா? சுரங்கத்துலகூட ஏத்தி இறக்கக் கூண்டு இருந்துச்சும்மா. உங்க ஆஸ்பத்திரியில அதுவும் இல்ல.”

“மாடி ஏற வேண்டாம் அங்கிள்.”

“அப்ப வரேன்.”

வகுப்பில் பாதிதான் கிடைத்தது.

நாளை: அவர் வருவதற்குள், எட்டரைக்கே, ஊதும் கருவியைத் தரைத்தளத்துக்கு இறக்க வேண்டும்.