பூமாரியின் ஈற்றில் முளைத்த ஏலம்

எழுபத்துமூன்றாம் வருஷம் ஆடி மாசம், சக்குபள்ளத்து ஏலத்தோட்டத்தில் காயெடுக்கும் பூமாரிக்கு, கீழ்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஈற்றில் ஓர் ஏலச்செடி முளைத்தது. முதலில் பச்சைநூல் மாதிரி ஒரு முனைதான் தெரிந்தது. மழை பிடித்ததும் இலை விரிந்து உதட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டது. வலி துளியும் இல்லை. அதனால் வழக்கம்போலச் சோறு தின்றாள், சிரித்தாள், வேலைக்குப் போனாள்.

அதற்கு வெகுநாள் முன்பிருந்தே அடுப்புக்கரியால் பல் தேய்த்தால் ரத்தம் வந்துகொண்டிருந்தது. கரி கிழித்திருக்கும் என்று நினைத்து, அந்த இடத்தில் விரல் படாமல் தேய்க்கப் பழகிக்கொண்டாள். ஈறு சிவந்து உப்பியது, பற்கள் நீண்டுவிட்ட மாதிரித் தெரிந்தன, வாய் நாறியது. புருஷன் பெரியமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தான். செடி முளைத்த பிறகு நாற்றம் போய், தோட்டத்து ஆட்கள் வரிசைவீடுகளில் குடியிருந்த லயம் முழுக்கப் பச்சை ஏலக்காய் மணந்தது. பெரியமுத்து இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தான். ஆனைக்கரைக்குப் போன ஒரு கல்யாணக் கூட்டம் ஜீப்பை நிறுத்தி, அவளைப் பேசச் சொல்லி மோந்து பார்த்துவிட்டுப் போனது. கங்காணி சுடலை, காய் பிடிக்கட்டும், பறித்துவிடாதே என்று சொல்லி, வெயிலில் நிற்காத வேலையாகப் பார்த்துக் கொடுத்தார். "எம்பொண்டாட்டி வாயில மண்ணில்லாமலே வெளையுது, பாத்தியளா" என்று பெரியமுத்து டீக்கடையில் சொல்லித் திரிந்தான்.

புரட்டாசியில் செடியின் அடியில் பூ வைத்தது. அன்றைக்கு முறுக்கைக் கடித்தபோது இரண்டு பற்களும் முன்னும் பின்னும் ஆடின. அப்போதும் வலிக்கவில்லை. வலிக்காமல் ஆடியதுதான் பூமாரியைப் பயமுறுத்தியது.

"ஏங்க, எனக்கு இது வேண்டாம். குமுளிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"பூத்திருக்கு புள்ள. காய் வரட்டும்."

மறுநாள் அவள் தனியாகவே ஜீப்பில் ஏறினாள். வேறு வழியில்லாமல் அவனும் பின்னால் தொற்றிக்கொண்டான்.

குமுளியில் மருந்துக்கடை மாடியில் பல் வைத்தியம் பார்த்த டாக்டர் பவுல்ராஜ், செடியைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. இலையை விலக்கி, பல்லுக்கும் ஈற்றுக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பியை விட்டார். அது ஆழமாக இறங்கியது. கூடவே சீழ் வந்தது.

"தேய்க்கும்போது ரத்தம் வந்துச்சாம்மா?"

"வந்துச்சு சார். வலிக்கல, அதான் விட்டுட்டேன்."

"ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. ரத்தம்தான் வரும். பல்லோரத்து அழுக்கு காரையா இறுகி, உள்ள எலும்பை அரிச்சிருச்சு. அந்தக் காரையிலதான் இது வேர் விட்டிருக்கு."

செடியைப் பிடித்து மெல்ல இழுத்தார். இரண்டு பற்களும் அதோடு வந்துவிட்டன. பல்லின் அடிவரைக்கும் வேர் சுற்றியிருந்தது. பூமாரி கத்தவில்லை. தன் பற்கள் தனக்குத் தெரியாமலே கழன்று வந்து தட்டில் கிடப்பதை, வாயில் கைவைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். பெரியமுத்து குனிந்து தட்டைப் பார்த்தான். அவன் வாய் பிளந்திருந்தது. டாக்டர் டார்ச் வெளிச்சத்தை அந்தப் பக்கம் திருப்பினார். வெற்றிலைக் கறைக்குப் பின்னால், கடைவாயில், ஓரிலைக் கன்றுகள் வரிசையாக நின்றன.

"உனக்கும் இருக்குய்யா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரே லயத்துக்கு வந்து எல்லார் வாயையும் பார்த்தார். வயசுக்கு வந்தவர்களில் முளை இல்லாத வாய் அபூர்வம். கங்காணி சுடலைக்குக் கன்னத்துப் பக்கம் புதராகவே இருந்தது. அன்று லயத்தில் யாரும் யாரிடமும் பேசவில்லை. பேச வாயைத் திறக்கவேண்டும் அல்லவா. பிறகு ஆள் மாற்றி ஆளாகக் குமுளிக்குப் போய்க் காரையைச் சுரண்டிக்கொண்டார்கள். ரத்தம் வந்தாலும் அந்த இடத்தை விடாமல் மெதுவாகத் தேய்க்கவேண்டும் என்று டாக்டர் மெல்லிய பிரஷால் தேய்த்துக் காட்டினார். வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். பெரியமுத்து புகையிலையை விட்டான். சில வாரங்களில் அவனுக்கு ஈறு வற்றி இறுகி, ரத்தம் நின்றது. ஒரு கடைவாய்ப் பல் மட்டும் போனது. பூமாரியின் இரண்டு பற்களும் திரும்ப முளைக்கவில்லை. கொஞ்சநாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரிந்தாள். பிறகு அதையும் மறந்துவிட்டுச் சிரித்தாள்.

எழுபத்தெட்டில் கம்பத்திலிருந்து சாந்தம்மாள் அந்த லயத்துக்கு வாக்கப்பட்டு வந்தபோது, பெண்கள் வெயிலில் உட்கார்ந்து ஒருத்திக்கொருத்தி பேன் பார்த்துவிட்டு, கையோடு வாயையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதென்ன வழக்கம் என்று கேட்டாள்.

"செடி மொளைக்கும்லா, அதான்" என்றாள் பூமாரி.

சாந்தம்மாள் சரியென்று அவள் மடியில் தலைவைத்து வாயைத் திறந்தாள்.