லட்சமா லட்சணமா

1.
வாடகை கேட்கப் போன இடத்தில் கிடைத்த கதை இது. வாடகை கிடைக்கவில்லை. கன்னட எல்லையை ஒட்டிய பாகலூரில் எனக்கு ஆறு லைன் வீடு. நாலாவது வீட்டில் ஊத்தங்கரைப் பையன் ஜெகதீஷ். மூன்று மாத பாக்கி. கேட்டால் கதை சொல்கிறான். ஐந்தாவது வரை படித்த நான் அதை எழுதுகிறேன். சும்மா விட மனசில்லை.

2.
முதல் வரி: பனி படர்ந்த விடியலில், கண்களில் கனவோடு ஓர் இளைஞன் தொழிற்சாலை வாசலில்...

(அடித்துவிட்டேன். இன்டர்வியூ மத்தியானம். கண்ணில் இருந்தது தூக்கம்.)

3.
நடந்ததை எழுதுகிறேன். ஜெகதீஷ் காண்ட்ராக்டில் மூன்று கம்பெனி மாறியவன். பைக் லோன் நாற்பதாயிரம் நிற்கிறது. இந்தக் கம்பெனியில் ஒரே ஒரு பர்மனென்ட் இடம். ஆள் எடுக்கும் ஆபீசர் நாராயணப்பன் கன்னடத்தில், "சால எஷ்டு?" என்றார். சால என்றால் கடன், எஷ்டு என்றால் எவ்வளவு. பள்ளிக்கூடம் என்றால் ஷாலெ. எத்தனாவது படித்தாய் என்கிறார் என்று நினைத்து இவன், "பன்னெண்டு சார்" என்றான்.

"ஹன்னெரடு லட்சானா?"

அவர் கேட்டது பன்னிரண்டு லட்சமா என்று. லட்சணமாகப் படித்தாயா என்கிறார் போல என்று இவன் நினைத்தான். "ஆமாங்க சார். கஷ்டப்பட்டுத்தான்."

ஐந்நூறு ரூபாய் அதிகம் கிடைத்தால் அடுத்த கம்பெனி கேட்டுக்குத் தாவுகிற பையன்களைப் பார்த்து நொந்தவர் நாராயணப்பன். பன்னிரண்டு லட்சம் கடன்காரன் எங்கே ஓடுவான்? திங்கட்கிழமை வேலைக்கு ஆர்டர் என்றார். வெளியே வந்ததும் செக்யூரிட்டிதான் இவனுக்கு அர்த்தம் சொல்லியிருக்கிறார்.

4.
இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். அவனிடமே கேட்டேன்.

"திரும்பிப் போயி நெசத்தைச் சொல்றதுதானடா?"

"சொன்னா வேலை போயிடும் தாத்தா."

"சொல்லலன்னா?"

"உங்க வாடகை வரும்."

(இங்கே கொஞ்ச நேரம் யோசித்தேன். என்ன யோசித்தேன் என்று எழுதமாட்டேன்.)

5.
முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறான். ஆபீசர் நேர்மையை மெச்சி, கட்டிப்பிடித்து வேலை தருகிறார். (அப்படி ஓர் ஆபீசரை நான் பார்த்ததில்லை. அடித்தேன்.)

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொண்டு சேர்கிறான். கடன் அடைகிறது. ஆனால் ஒருநாள்...

இதை எழுதும்போது போன் வந்தது. நாராயணப்பன். விண்ணப்பத்தில் வீட்டு ஓனர் நம்பர் கேட்டிருந்தார்களாம். "அந்தப் பையனுக்குப் பன்னெண்டு லட்சம் கடனாமே, நெஜங்களா?" என்று உடைந்த தமிழில் கேட்கிறார். ஜெகதீஷ் வாசலில் நின்று என் வாயையே பார்க்கிறான்.

நான் பொய் சொல்லி வாடகை வாங்கியதில்லை. உண்மை சொல்லி ஒருத்தன் வேலையைக் கெடுத்ததும் இல்லை. எழுபது வருஷத்தில் இந்த இரண்டும் ஒரே நாளில் வந்து நின்றதில்லை.

படிக்கிறவரே, போனை உங்களிடம் தருகிறேன். ஆள் லைனில்தான் இருக்கிறார். கொஞ்சம் கரகரப்பாகப் பேசுங்கள், நான்தான் என்று நினைக்கட்டும்.