பன்னிரண்டாவது இதழ்

அந்த மின்னஞ்சல் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா பழைய பக்கங்களை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் மடிந்தே கிடந்த காகிதம் லேசில் நிமிராது. இரண்டு பக்கங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைத் தாள், அதற்கு மேல் இன்னும் இரண்டு பக்கம் என்று அடுக்கி, பலகையை மூடி, தன் பழைய தையல் மெஷினின் தலையைக் கழற்றி மேலே தூக்கி வைப்பாள். மூன்று நாள் யாரும் தொடக்கூடாது. அதன் பிறகு டிரைவர் ஒவ்வொரு பக்கமாக எடுத்துக் கொடுக்க, நான் ஸ்கேன் செய்வேன். எங்கள் நூலகத்தின் வேலை இப்படித்தான் ஒன்பது வருஷமாக எங்கள் சாப்பாட்டு மேஜையில் நடக்கிறது.

டிரைவர் என்று நான் சொல்வது என்னோடு பதினான்கு வருஷமாக வாழ்பவனை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மூன்று மணிவரை வேனிலேயே உட்கார்ந்து எதையாவது படிப்பான். ஒருநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "எல்லாரப் பத்தியும் எழுதியிருக்காங்க. நம்மளப் பத்தி மட்டும் எவனும் எழுதலியா, இல்ல எழுதினது எங்கயாவது ஒளிஞ்சிட்டு இருக்கா?" என்று கேட்டான். ஒளிந்துதான் இருந்தது. டிரங்குப் பெட்டிகளிலும், துணி அலமாரிகளின் அடித்தட்டிலும், செத்துப்போனவர்களின் தலையணை உறைக்குள்ளும். தேடி எடுப்பது எனக்குக் கைவந்த வேலை. மருத்துவமனையில் பதிவேட்டு அறை குமாஸ்தா நான். எந்த வருஷம் எந்த வார்டில் யார் படுத்தார்கள் என்பதை நொடியில் எடுத்துக் கொடுப்பேன். அப்படிச் சேர்த்ததுதான் 'வேன் நூலகம்'. இணையத்தில் மட்டும் இருக்கும், யாரும் இலவசமாகப் படிக்கலாம். கதைகள், கடிதங்கள், ஒரு திருநம்பியின் நாட்குறிப்பு, எந்த டாக்டர் முகம் சுளிக்காமல் பேசுவார் என்ற பட்டியல் என்று நானூறுக்கு மேல் ஆகிவிட்டது. பெயரைப் பார்த்துவிட்டு, வேன் எங்கள் தெருவுக்கு என்றைக்கு வரும் என்று கேட்டு எழுதுகிறவர்களும் உண்டு.

ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு பொத்தான் வைத்திருக்கிறோம். அழுத்தினால் படித்துக்கொண்டிருந்தது மறைந்து வாய்ப்பாடு வந்துவிடும். முதலில் அதற்கு 'அம்மா வர்றாங்க' என்று பெயர் வைத்திருந்தேன். "ஏன்டா, எல்லாத்துக்கும் அம்மாதான் கெடச்சாளா?" என்று அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது அது 'யாரோ வர்றாங்க'.

அன்று வந்த மின்னஞ்சல் சின்னது. "நூலகருக்கு வணக்கம். உங்கள் தளத்தில் 'மாடி அறை' என்றொரு தொடர்கதை இருக்கிறது. எழுதியவர் பெயர் 'கடைசி வரிசை' என்று போட்டிருப்பீர்கள். அது நான்தான். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். என் மகள் அதை எனக்கு அனுப்பி, 'அம்மா, இதில் வருகிற ஒருத்தி அப்படியே உன்னை மாதிரி பேசுகிறாள், படித்துப் பார்' என்று எழுதியிருக்கிறாள். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை."

நான் அதை மூன்று முறை படித்தேன். முதலில் வந்தது சந்தோஷம்தான் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உயிரோடு இருக்கிறார்! 'மாடி அறை' எங்கள் நூலகத்தில் அதிகம் பேர் படித்த கதை. பெண்கள் விடுதி ஒன்றில் ஒரே அறையில் தங்கும் இரண்டு பெண்களைப் பற்றியது. கையால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, தபாலில் ரகசியமாகச் சுற்றிய ஒரு பத்திரிகையில் மாதம் ஓர் அத்தியாயமாக வந்தது. மொத்தம் பன்னிரண்டு இதழ்கள். எங்களுக்குக் கிடைத்தது பதினொன்று. விடுதியைக் காலி செய்யச் சொல்லி மூத்தவளுக்கு வீட்டிலிருந்து ஆள் வந்து கீழே நிற்கிறது. இளையவள் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். பதினொன்றாவது இதழ் அங்கே முடிகிறது. அப்புறம் என்ன ஆனது என்று கேட்டு வாரத்துக்கு ஒருவராவது எழுதுவார்கள். 'தேவை' என்ற எங்கள் பட்டியலில் இரண்டு வருஷமாகப் பன்னிரண்டாவது இதழ்தான் முதலில் நின்றது.

அடுத்து வந்தது சந்தேகம். போன வருஷம் அந்தத் திருநம்பியின் பெயரில் ஒருவர், நாட்குறிப்பை நீக்கச் சொல்லி எழுதினார். நீக்கினோம். எழுதியது அவனுடைய அண்ணன் என்று பிறகுதான் தெரிந்தது. "என்னை ரெண்டாவது தடவையா வீட்டை விட்டு அனுப்பிட்டீங்க" என்று அவன் எழுதிய வரி இன்னும் என் நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கிறது.

"ஏதாவது அடையாளம் கேப்போம். அப்புறம் எடுக்கலாம்" என்றேன்.

டிரைவர் கையில் இருந்த பக்கத்தை மேஜையில் வைத்தான். "உங்க ஆஸ்பத்திரியில ஒருத்தர் வந்து என் பைலை வெளிய வெக்காதீங்கன்னு கெஞ்சினா, நீ அடையாளம் கேட்டுட்டு அதுவரைக்கும் வாசல்ல தொங்க விடுவியா?"

"இது பைல் இல்லடா. கதை. எத்தனை பேரு இதைப் பிடிச்சிட்டு நாளை ஓட்டுறாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். கதையை நாளைக்குத் திரும்ப ஏத்திக்கலாம். அவங்க வீட்டுல ஒண்ணு ஆச்சுன்னா அதைத் திரும்ப எடுக்க முடியாது, நூலகரே." கோபம் வந்தால்தான் என்னை நூலகரே என்பான்.

நான் எடுத்துவிட்டேன். பதினொரு இதழ்களிலும் அந்தக் கதை வந்த பக்கங்களுக்குப் பதில், 'எழுதியவரின் விருப்பப்படி நீக்கப்பட்டது' என்ற ஒற்றை வரி. பல் பிடுங்கிய மாதிரி வெறுமையாக இருந்தது. நீக்கிவிட்டேன் என்று அவருக்கு எழுதும்போது கை சும்மா இருக்கவில்லை. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: உங்களிடம் பன்னிரண்டாவது இதழ் இருக்கிறதா? அதைப் படித்துக் காட்டியதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பயந்து கெடக்கிறவகிட்டப் போய் இதைக் கேக்கறியே, உனக்கு விவஸ்தையே இல்லையாடா?"

எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "என்னிடம் எதுவுமே இல்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் எல்லாவற்றையும் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். உங்கள் தளத்திலிருந்து போவதற்குள் பதினொன்றையும் ஒரே மூச்சில் படித்தேன். கடைசி அத்தியாயத்தில் என்ன எழுதினேன் என்பது எனக்கு நினைவே வரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து போனார்களா, ஒருத்தி மட்டும் போனாளா? நான் யாரைக் கேட்பது? என்றைக்காவது கிடைத்தால் எனக்கு மட்டும் சொல்லுங்கள்."

வாசகர்கள் திட்டினார்கள். ஓர் அத்தியாயம் படித்துவிட்டுத்தான் தினமும் டூட்டிக்குப் போவேன் என்று சொல்லும் நர்ஸ் ஒருத்தி, நீங்களும் பயந்துட்டீங்களா என்று கேட்டு எழுதினாள். எழுதியவரே கேட்டார் என்று பதில் போட்டேன். அரைமணி நேரத்தில், "அவங்க நல்லா இருக்காங்களா? அப்ப சரி" என்று அனுப்பினாள்.

நான்கு மாதம் கழித்து ஒரு பழுப்பு உறை தபாலில் வந்தது. அனுப்பியவர் எங்களுக்கு முன்பே பல இதழ்களைக் கொடுத்த கைக்கடிகார மெக்கானிக். எழுபத்திரண்டு வயது. "இது என்னிடம் இருப்பதை உங்களிடம் சொல்லவில்லை, மன்னிக்கவும். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் என்னோடு இருந்தவர் கறிகாய்ப் பட்டியல் எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்து என்று இருப்பது அது ஒன்றுதான். எனக்குப் பிறகு வீட்டைக் காலி செய்கிறவர்களுக்கு அது குப்பையாகத்தான் தெரியும். பிரதி எடுத்துக்கொண்டு எனக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்" என்று எழுதியிருந்தார். கடிதத்தோடு இருந்த கட்டைப் பிரிக்காமலே தெரிந்தது. பன்னிரண்டாவது இதழ்.

நான் பாய்ந்தேன். டிரைவர் உறையை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டான். "எழுதினவங்களே இன்னும் படிக்கல. நீ எதுக்கு முந்தற?" அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டே பின்னைக் கழற்றி, கதை இருந்த ஆறு பக்கங்களைப் பிரித்து அம்மாவிடம் கொடுத்தான். மூன்று நாள் அவை மெஷினின் தலைக்குக் கீழே இருந்தன. நான்காம் நாள் பலகையைத் தூக்கியபோது அம்மாவின் கண் சிவந்திருந்தது.

"படிச்சிட்டியாம்மா?"

"அடுக்கி வெக்கும்போது கண்ணு தானா ஓடுது, நான் என்ன பண்ண?"

"எப்படி முடியுது?"

"போடா" என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

அம்மாவே அந்த ஆறு பக்கங்களையும் பிரதி எடுத்து உறையில் போட்டு ஒட்டினாள்; மூல இதழ் மெக்கானிக்குக்குத் திரும்பிப் போனது. கிடைத்துவிட்டது என்று கதை எழுதியவருக்குத் தெரிவித்தேன். மின்னஞ்சலில் வேண்டாம், வீட்டில் எல்லோரும் ஒரே கம்ப்யூட்டரைத்தான் பார்க்கிறோம், தபாலும் வேண்டாம் என்றார். பேருந்து நிலையத்தில் முன்பதிவு கவுண்டரில் இருக்கிறேன், மூன்றாம் எண், ஒன்றரை மணிக்கு இடைவேளை, வர முடியுமா என்று கேட்டார். ஐந்து மணி நேரப் பயணம். பள்ளி விடுமுறை நாளாகப் பார்த்து வேனை எடுத்தோம். அம்மா எங்களுக்கு முன்பே ஏறி உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு ஆம்பளைங்க போய் முன்னாடி நின்னா அந்தப் பொண்ணு மெரண்டுடும். நானும் வர்றேன்." அந்தப் பொண்ணுக்கு ஐம்பத்தைந்தாவது இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டுமே" என்றாள்.

மூன்றாம் எண் கவுண்டரில் வரிசை நீளமாக இருந்தது. உள்ளே கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு ஒரு பெண்மணி வேகமாக டிக்கெட் அடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் ஒருவர், தன் டிக்கெட்டை வழியில் யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டதாகக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பொய் சொல்றதா இருந்தா உக்காந்து சொல்லுங்க சார், கால் வலிக்கும்." வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் டிரைவரும் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூன்றாவது அத்தியாயத்தில் மூத்தவள் இளையவளிடம் சொல்லும் வசனம் அது. அடையாளம் கேட்க நினைத்த என் புத்தியை அந்த இடத்திலேயே தூக்கிப் போட்டேன்.

ஒன்றரைக்குப் பக்கவாட்டுக் கதவு வழியாகச் சாப்பாட்டு டப்பாவோடு வந்தார். சாமான் வண்டிகள் நிற்கும் பின்பக்கத்தில் ஒரு சிமென்ட் பெஞ்ச். பிரதி இருந்த உறையை நீட்டினேன். வாங்கிக்கொண்டார், ஆனால் திறக்கவில்லை.

"நீங்க படிச்சீங்களா?"

"இல்ல மேடம். நாங்க ரெண்டு பேருமே படிக்கல."

"நான் படிச்சேம்மா" என்றாள் அம்மா. "தப்பா எடுத்துக்காத."

அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "அப்ப நீங்களே சொல்லுங்க. நான் பயப்படணுமா?"

"நீ எழுதினதுதான? நீயே பாரு."

அவர் உறையின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினார். "நீங்கல்லாம் நான் என் வீட்டுக்காரருக்குப் பயப்படறேன்னு நெனச்சிருப்பீங்க. அவர் போய் ஆறு வருஷமாச்சு. எனக்கு எம் பொண்ணுதான். அவ அந்த சைட்டுல என்ன படிச்சிட்டு இருந்தான்னு நான் இன்னும் கேக்கல. நான் கேட்டா, அவளும் கேப்பா."

டிரைவர் தரையைப் பார்த்தான். அம்மாதான் பேசினாள். "இவன் எங்கிட்ட சொல்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே எனக்குத் தெரியும். அந்த ரெண்டு வருஷமும் தெரியாத மாதிரி நானும், ஒண்ணும் இல்லாத மாதிரி இவனும், அப்படி நடிச்சோம் பாரு. ஒரே வீட்டுல ரெண்டு பேரும் தனித்தனியா உக்காந்து அழுதிருக்கோம். இப்ப நெனச்சா, அதுக்கு எதுக்குத் தனித்தனியா அழுதோம்னு இருக்கு."

இது எனக்கே புதிய செய்தி. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். "நீங்க ரெண்டு பேரும் வண்டியில போய் இருங்கடா. நான் இங்க இருக்கேன்."

வேனுக்குள் போய் உட்கார்ந்தோம். முன்கண்ணாடி வழியாக பெஞ்ச் நேராகத் தெரிந்தது. அவர் உறையைப் பிரித்து முதல் பக்கத்தை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டார். வேகமாகத்தான் படித்தார். நான்காவது பக்கம் வந்ததும் கண் அங்கேயே நின்றுவிட்டது. வெகுநேரம் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. ஒரு கையால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று இங்கிருந்து தெரியவில்லை. "என்னடா ஆகுது?" என்றேன். "சும்மா இரு" என்றான் டிரைவர். அவன் கை ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. நான் அதன்மேல் என் கையை வைத்தேன். ஆறாவது பக்கம் முடிந்ததும் அவர் எங்கள் பக்கம் திரும்புவார் என்று நினைத்தேன். திரும்பவில்லை. சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது. பக்கங்களை அடுக்கி மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

ஒரு பேருந்து பின்வாங்கிப் போனது. அது கிளப்பிய காற்றில் காகிதங்கள் படபடத்தன. அம்மா குனிந்து, படித்து முடித்த பக்கங்களைத் தன் மடியில் வாங்கி இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் மடியிலும் இடுப்பிலும் எதையோ தேடினார். பிறகு தலையைத் தொட்டு, கொண்டையில் செருகியிருந்த பேனாவை உருவி, பல்லால் மூடியைக் கழற்றி, பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லை அடித்துவிட்டு அதன் மேல் இன்னொன்று எழுத ஆரம்பித்தார்.