மச்சான் பிடித்த குழாய்

சங்கு குளிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்கடியில் இருப்பவனின் மூச்சுக் குழாயைப் படகில் இருந்து பிடிப்பவன் அவன் பெண்டாட்டியோடு பிறந்தவனாக இருக்க வேண்டும். தங்கச்சி கழுத்தில் தாலியாகக் கிடக்கும் கருகமணியை எந்த அண்ணன் அறுப்பான்?

ஏர்வாடி வாவு முகம்மதுக்கு வருசக் கணக்காகக் குழாய் பிடித்தவன் அவன் பெண்டாட்டி ஜஸீலாவின் அண்ணன் காஜா நவாஸ். வாவு அவள் பல்லை உடைத்த மறுநாளும், காதைக் கிழித்த மறுநாளும், மச்சான் படகில் வந்து உட்கார்ந்துகொண்டான். இவனும் ஓர் ஆம்பிளையா என்று தெருவே காறித் துப்பியது.

போன வெள்ளிக்கிழமை ஜமாத்தில் ஜஸீலா குலா கேட்டு, புருசனிடமிருந்து விடுதலை வாங்கிவிட்டாள். வாவு தாடியை நீவிக்கொண்டு, "போறவ போகட்டும்" என்றான். பெரிய மனசுதான். ஆனால் திங்கட்கிழமை அதே மச்சானைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனான் பாருங்கள், அதுதான் வேடிக்கை. பழக்கதோஷம்.

போன இடம், யுத்த காலத்தில் ஜப்பான்காரன் குண்டுக்கு மூழ்கியதாகச் சொல்லப்படும் சரக்குக் கப்பல். உள்ளே தங்கம் என்பது கரையில் உட்கார்ந்திருப்பவர்களின் பேச்சு. முங்கிப் பார்த்த வாவுக்குத் தெரியும், இருப்பது பித்தளையும் குண்டு உறைகளும் கலவா மீனும்தான்.

சரக்கறைக்குள் ஒரு பித்தளை வால்வை நெம்பிக்கொண்டிருந்தபோது காற்று நின்றது. குழாயை இரண்டு முறை சுண்டினான். மேலே தூக்கு என்று அர்த்தம். யாரும் தூக்கவில்லை. காற்று மோட்டாரின் தடதடப்பு மட்டும் தண்ணீருக்குள் சீராகக் கேட்டது. மோட்டார் ஓடுகிறது, காற்று வரவில்லை. அப்போதுதான் அவனுக்கு வெள்ளிக்கிழமை உறைத்தது.

முங்குவதற்கு இடுப்பில் கட்டியிருந்த ஈயத்தை அவிழ்த்தெறிந்துவிட்டு மேலே பாய்ந்தான். துருப்பிடித்த தகடு முதுகைத் தோள் முதல் இடுப்புவரை கிழித்தது. மூக்கில் ரத்தம் வழிய வந்து படகு விளிம்பைப் பிடித்தான்.

காஜா நவாஸ் குழாயை மடித்து மிதித்துக்கொண்டு நின்றான். கையில் நங்கூரக் கம்பி.

"வந்துட்டியா மாப்ள? இம்புட்டு நேரம் மூச்சடக்குவேன்னு சொல்லவே இல்லயே."

"ஒன் தங்கச்சி..."

"அவளுக்கும் ஒனக்கும் என்னலே இப்ப?"

முதல் அடியில் வாவின் இடது கை விரல்கள் நொறுங்கின. அடுத்தது காதோடு விழுந்தது; உலகத்துச் சத்தமெல்லாம் அத்தோடு நின்றுபோனது. வாவு வலது கையால் குழாயை வெடுக்கென்று இழுத்தான். அதை மிதித்திருந்தவன் கம்பியைப் படகுக்குள் நழுவவிட்டுத் தலைகுப்புறக் கடலில் விழுந்தான். அவன் கழுத்தில் குழாயைச் சுற்றி, மறுமுனையைப் பல்லால் கடித்து இறுக்கினான் வாவு. மச்சானின் நகங்கள் அவன் கன்னத்துச் சதையைப் பிய்த்தன. கண்கள் வெளியே பிதுங்கின. பிறகு கைகள் தளர்ந்தன. வாவு பல்லிலிருந்து குழாயை விட்டான்.

வாவு முழங்கையை ஊன்றிப் படகில் ஏறி, படகை ஓட்டும் எஞ்சினைப் பார்த்தான். கைப்பிடியைச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். அதற்கு இரண்டு கை வேண்டும். கரை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. முதுகிலிருந்து ரத்தம் படகின் அடியில் தேங்கிக்கொண்டிருந்தது.

ரொம்ப யோசித்துவிட்டு, தண்ணீரில் இருமிக்கொண்டு தத்தளித்த மச்சானிடம் துடுப்பை நீட்டினான்.

காஜா நவாஸ் ஏறி, கடல் தண்ணீரைக் கக்கிவிட்டு, எஞ்சினைச் சுற்றினான். கரை வரும்வரை அவன் வாய் ஓயவில்லை. திட்டினானா, கெஞ்சினானா, நாளைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள் என்றானா, வாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நங்கூரக் கம்பியை நல்ல கையில் பிடித்தபடி அந்த வாயையே பார்த்துக்கொண்டு வந்தான்.