காந்தம் ஒட்டிய அரிவாள்மணை

பாண்டி பஜார் பக்கம் போகும்போதெல்லாம் கலீமுல்லாவின் காதில் அந்த 'டக்' சத்தம் கேட்கும். எட்டு வருஷம் ஓடிவிட்டது. அது எழுபத்தொன்றாம் வருஷம், ஆவணி முகூர்த்த சமயம்.

அப்போதெல்லாம் எவர்சில்வர் வாங்கப் போகிற பெண்கள் காந்தமும் கையுமாகத்தான் போவார்கள். ஒட்டாவிட்டால் அசல், ஒட்டினால் போலி. தங்கபுஷ்பம், உடைந்த ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். மகள் கல்யாணச் சீருக்காகப் பாண்டி பஜாரில் பொன்ராஜின் பாத்திரக் கடைக்கு வந்தவள், குடம், தூக்கு எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, கடைசியாகக் கலீமுல்லா செய்த அரிவாள்மணையின் அலகில் வைத்தாள்.

டக்!

"பாத்தீயளா அண்ணாச்சி! தகரத்துக்குப் பாலிஷ் போட்டு என் தலையில கட்டப் பாக்கியளா?"

கடையிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். சரக்கு இறக்க வந்திருந்த கலீமுல்லாவின் முகம் சுண்டிவிட்டது. துருப்பிடிக்காத, வாழைக்காய் நறுக்கினால் கறுக்காத அலகு வேண்டுமென்று ஒரு வருஷம் உலையோடு மல்லுக்கட்டியவன் அவன். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் நன்றாக இறுகும். ஆனால் கீழே விழுந்தால் கண்ணாடியாகச் சிதறும். மறுபடி இளஞ்சூட்டில் வாட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் உடையாமல் நின்றது.

"போலி இல்லம்மா. இது வேற தினுசு எவர்சில்வர். குடம் செய்யற தகடு எவ்ளோ காய்ச்சினாலும் இறுகாது, கூர் நிக்காது. இறுகற தினுசுல காந்தம் ஒட்டத்தாம்மா ஒட்டும்."

"எனக்கே கதை சொல்லுதீயளா பாய்?" அவள் குடத்தையும் வைத்துவிட்டு எழுந்தாள்.

பொன்ராஜ் குனிந்து கிசுகிசுத்தார். "ஒட்டாத தகட்டுலயே ஒண்ணு செஞ்சு குடுத்துரும்வே. இல்லன்னா உம்ம சரக்கு பூராவையும் தூக்கிட்டுப் போயிரும். கடை பேரு கெட்டுரும்."

செய்தான். ஆனால் மூன்றாம் நாள் தங்கபுஷ்பம் வீட்டு வாசலில் இரண்டு அரிவாள்மணையோடு போய் நின்றான்.

"இது நீங்க கேட்டது, ஒட்டாது. இது என்னுது. ரெண்டையும் கல்யாண சமையலுக்குப் போடுங்கம்மா. என்னுது தகரம்னா, கடையில எல்லார் முன்னாடியும் என் மூஞ்சில விட்டெறிங்க."

"எறிவேன் பாய்!"

கல்யாணம் முடிந்த மறுநாளே கடைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. போனபோது தங்கபுஷ்பம் துணியில் சுற்றிய அரிவாள்மணையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் துணியைப் பிரித்தாள். ஒட்டாத அலகு, கூர் மடங்கிக் கிடந்தது.

"சேனைக்கிழங்குல பாதி தாண்டல, மொண்ணையாப் போச்சு. உம்மதை சமையக்காரரு திருப்பித் தரமாட்டேங்காரு பாய்!"

முந்தானை முடிச்சை அவிழ்த்து, அவன் அரிவாள்மணைகளை வரிசையாகச் சோதித்தாள். டக். டக். டக்.

"மூணு எடுத்து வையுங்க அண்ணாச்சி." பக்கத்திலிருந்த பெண்ணிடம் உரக்கச் சொன்னாள்: "யக்கா, ஒட்டுனா எடுங்க. ஒட்டாட்டி தகரம்!"

பொன்ராஜ் பதறிப்போய்க் குட அடுக்கைப் பார்த்தார். கலீமுல்லா திருத்திச் சொல்ல வாயெடுத்தான். பிறகு மூடிக்கொண்டான். அந்த டக் டக்கை இன்னும் கொஞ்ச நேரம் கேட்க வேண்டும்போல் இருந்தது.